எண்ணெயையும் நீரையும் இணக்கிய வைத்தியர்

ஜெர்மனியிலும் பிரான்சிலும் மருந்தாக்கம் பயிலும் மாணவர்கள் கலேனிக்கு என்றொரு பாடத்தைக் கற்கின்றனர். எந்தச் சத்து எந்த நோயைத் தீர்க்கும் என்று ஆராய்வது அப்பாடத்தின் வேலையன்று. கையிற் கிடைத்த சத்தை மாத்திரையாக்குவதா, பாகாக்குவதா, களிம்பாக்குவதா, எந்த வாகனத்தில் ஏற்றினால் அது சேரவேண்டிய இடத்தைச் சென்று சேரும் என்பதே அதன் விசாரம். கண்ணுக்குப் புலனாகாத கொழுப்புக் குமிழிகளுள் மருந்தை அடைத்து, அவற்றை வழவழப்பான ஜெல்லிற் கலந்து, தோலின் வழியே உட்செலுத்தும் லிப்போசோம் ஜெல் முறையும் அப்பாடத்துள் அடங்கும். இத்துணைப் புதிய வித்தைக்கு இத்துணைப் பழைய பெயரா என்று வியப்புத் தோன்றலாம். அப்பெயருக்கு உரியவர் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கேலன்.

கேலனைப் பற்றி இன்று பேசுவோர் பெரும்பாலும் அவர் விட்ட பிழைகளையே பேசுவர். மனித உடலை அறுத்துப் பார்க்க அக்காலத்து உரோமாபுரியில் வழியில்லை. குரங்கையும் பன்றியையும் அறுத்துக் கண்டதை அவர் மனிதருக்கும் ஏற்றிச் சொன்னார். இருதயத்தின் நடுச்சுவரிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்றார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சொல்லை எதிர்த்துப் பேசினோர் மிகச் சிலர். 1543இல் வெசாலியசும் 1628இல் ஹார்வியும் தத்தம் நூல்களை வெளியிட்ட பின்னரே அந்தக் கோட்டை சரிந்தது. பிழை பிழைதான். ஆனால் அவர் அடுப்பருகே நின்று, மெழுகையும் எண்ணெயையும் நீரையும் தம் கையாற் கலந்து கண்டறிந்தவற்றை எவரும் தள்ளிவிடவில்லை. பேரறிஞர் என்ற புகழாலன்றி, நல்ல மருந்து கூட்டுவோர் என்ற தகுதியாலேயே அவர் நிலைத்தார் என்பது எமது எண்ணம். அவர் கேட்டிருந்தால் இதனை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

கி.பி. 129ஆம் ஆண்டு, சின்ன ஆசியாவின் பேர்கமம் என்னும் செல்வ நகரில் கேலன் பிறந்தார். அந்நகர் இன்று துருக்கி நாட்டில் உள்ளது. மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிளேப்பியசின் புகழ்பெற்ற கோயிலும் பெரிய நூலகமும் அங்கே இருந்தன. எழுதுவதற்கு உதவும் பதனிட்ட தோலுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே அவ்வூர்ப் பெயரிலிருந்து பிறந்ததுதான். தந்தை நிக்கோன் கட்டடக் கலைஞர், கணிதம் வல்லவர், பொறுமைசாலி. தாயாரோ கோபம் வந்தால் வேலைக்காரப் பெண்களைக் கடித்துவிடும் இயல்பினர் என்று மகனே எழுதி வைத்திருக்கிறார். கலேனோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அமைதியுடையவன் என்பது பொருள். மகன் பிற்காலத்திற் பிற வைத்தியர்களோடு நடத்திய வாய்ச்சண்டைகளை நோக்கினால், பெயரைத் தந்தை தந்தார், சுபாவத்தைத் தாய் தந்தார் என்றே சொல்லத் தோன்றும்.

மகனைத் தத்துவம் கற்பிக்கவே தந்தை எண்ணியிருந்தார். அஸ்கிளேப்பியஸ் கனவிலே தோன்றி வைத்தியம் கற்பிக்குமாறு கூறியதால், பதினாறு பதினேழு வயதில் கேலன் அவ்வழியிலே திருப்பப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்குள் தந்தை இறந்தார். கையிற் பொருள் இருந்தது. கல்வியில் ஆசையும் இருந்தது. சிமிர்ணா, கொறிந்து, அலெக்சாந்திரியா என்று ஊர் ஊராகச் சென்று கற்று, 157இல் ஊர் திரும்பினார்.

ஊரில் அவருக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அரங்கிற் பொருதும் வாள்வீரர்களுக்கு வைத்தியம் பார்ப்பது. அப்பதவியைப் பெற அவர் செய்த காரியம் விநோதமானது. ஒரு குரங்கின் வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே சரியவிட்டு, கூடியிருந்த வைத்தியர்களை நோக்கி அதனைச் சரிசெய்யுமாறு அழைத்தார். ஒருவரும் முன்வரவில்லை. தாமே அதனைத் தைத்து முடித்தார். பதவி அவருடையதாயிற்று.

வெட்டுண்ட தசையும் பிளந்த தொடையும் நாள்தோறும் அவர் முன் வந்தன. புளிப்பேறிய மதுவிலே துணியை நனைத்துப் புண்ணின்மேல் இட்டு, அது உலராதபடி இரவும் பகலும் மீண்டும் மீண்டும் நனைத்து வந்தார். முன்னிருந்தோர் காலத்திற் பலர் மாண்டிருக்க, அவர் கையில் மாண்டோர் மிகச் சிலரே. கிருமி என்ற ஒன்றை அக்காலத்தில் எவரும் அறியார். ஆனால் புண்ணின்மேல் எதை இடுகிறோம் என்பதோடு, அது எத்தனை நேரம் ஈரமாய்த் தங்குகிறது என்பதும் முக்கியம் என்பதை அந்த இளைஞர் அங்கே கற்றுக்கொண்டார்.

162இல் உரோமாபுரிக்குச் சென்றார். தலைநகரில் அவர் புகழ் விரைவில் ஓங்கியது. பகையும் உடன் வளர்ந்தது. கத்திக்கொண்டிருக்கும் பன்றியின் கழுத்திலே மெல்லிய நரம்பொன்றைக் கட்டினால் அது ஊமையாகிவிடும் என்பதைப் பிரபுக்கள் நிறைந்த சபையிலே செய்துகாட்டினார். 166இல் கொள்ளைநோய் பரவிய வேளையில் ஊர் திரும்பினார். சில ஆண்டுகளில் மார்க்கஸ் ஒறேலியஸ் சக்கரவர்த்தி அவரை மீண்டும் அழைத்துக்கொண்டார். அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகளைக் கூட்டிச் செய்யும் தேரியாக்கு என்னும் விஷமுறிவு லேகியத்தைச் சக்கரவர்த்தி நாள்தோறும் உண்பார். அதனைக் கூட்டிக் கொடுக்கும் பொறுப்பும் கேலனுக்கு வந்தது. மேலைநாட்டு வரலாற்றாசிரியர்கள் அவருடைய அரண்மனை வாழ்வை விரித்து எழுதுவர். நமக்கு அவர் சரக்குத் தேடி அலைந்த கதையே சுவையானது.

இலெம்னோஸ் என்ற தீவிலே செம்மண் ஒன்று உண்டு. புண்ணுக்கும் விஷக்கடிக்கும் அது நல்ல மருந்தெனப் பெயர் பெற்றிருந்தது. அம்மண்ணில் ஆட்டு இரத்தம் கலப்பதாக முன்னோர் நூலொன்று கூறியது. கேலன் அதனை நேரிற் கண்டறிய விரும்பினார். முதன்முறை கப்பல் தீவின் மறுகரையிலுள்ள வேறோர் ஊரில் நின்றது. மண் கிடைக்கும் ஊரை அடைய முடியாமலே திரும்பினார். வேறொரு பயணத்திலே வேண்டுமென்றே வழிமாறி மீண்டும் அங்கு சென்றார். பெண் பூசாரி ஒருத்தி கோதுமையும் வாற்கோதுமையும் நிலத்திலே தூவி, மண்ணை அள்ளிச் சென்று நீரிற் கரைத்து, கல்லும் மணலும் நீக்கி, எஞ்சிய மெழுகுபோன்ற வண்டலில் முத்திரை பதிப்பதைக் கண்ணாற் கண்டார். ஆட்டு இரத்தம் கலப்பது உண்டா என்று அவர் வினவியபோது கேட்டோர் எல்லாரும் சிரித்தனராம். இருபதினாயிரம் முத்திரைக் கட்டிகளோடு அவர் கப்பலேறினார். சைப்பிரசுத் தீவின் சுரங்கங்களுக்கும் இவ்வாறே சென்றார். கடையில் விற்பவர் சொல்லை அவர் நம்பியதில்லை. கலப்படம் செய்வோரின் தந்திரங்களை விரித்து எழுதினால் தீயோர் அதனையே பாடமாகக் கொள்வரென்று அஞ்சிச் சிலவற்றை எழுதாமலும் விட்டார்.

அவருடைய மருந்துக் கொள்கையிலே ஒரு கருத்து நம் கவனத்துக்குரியது. மருந்துகளை அவர் நுண்டுகள் உடையவை, பருந்துகள் உடையவை என இரு கூறாகப் பிரித்தார். நுண்டுகள் உடையது தோலின் துவாரங்கள் வழியே ஆழத்துக்குச் செல்லும். பருந்துகள் உடையது மேலேயே தங்கிவிடும். காடி, அதாவது வினாகிரி, முதல் வகையைச் சேர்ந்தது. ஆகவே குளிர்ச்சியை உள்ளே செலுத்த வேண்டுமாயின் குளிர்ந்த பொருளோடு சிறிது காடியைச் சேர்க்க வேண்டும் என்றார். அணுவையும் மூலக்கூற்றையும் அளந்தறியாத காலத்திலே சொல்லப்பட்ட கருத்து இது. அவர் நினைத்தபடி தோல் துவாரமயமானது அன்று. எனினும் தோலைக் கடக்கும் மருந்து பருமனிற் சிறியதாய் இருத்தல் வேண்டும் என்பதை இன்றைய ஆராய்ச்சியாளரும் ஒப்புவர். மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 500ஐத் தாண்டினால் நலமான தோலை மருந்து கடப்பது மிக அரிது என்பது அவர்கள் கண்ட கணக்கு.

இனி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட களிம்புக்கு வருவோம். வெள்ளைத் தேன்மெழுகு ஒரு பங்கு. ரோஜா இதழ் ஊறிய ஒலிவெண்ணெய் மூன்று அல்லது நான்கு பங்கு. இரண்டையும் மெல்லிய சூட்டில் உருக்கி ஆறவிட வேண்டும். பின்பு குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக வார்த்து, களிம்பு எவ்வளவு நீரை ஏற்குமோ அவ்வளவையும் ஏற்கும்வரை பிசைய வேண்டும். விரும்பினால் சிறிது காடி சேர்க்கலாம். தோலிற் பூசியதும் உள்ளே சிறைப்பட்ட நீர் மெல்ல மெல்ல ஆவியாகி உடற்சூட்டை எடுத்துச் செல்லும். எண்ணெயும் மெழுகும் தோலைக் காயவிடாமற் காக்கும். காய்ச்சலிற் கொதிக்கும் உடம்புக்கும் எரியும் சருமத்துக்கும் அவர் இதனை வழங்கினார். பிரெஞ்சு மருந்துக் கடைக்காரர் இதனைக் கேலன் மெழுகு என்றே நெடுங்காலம் அழைத்து வந்தனர். பெண்கள் முகத்திற் பூசும் கோல்ட் கிறீம் இதன் வழிவந்ததே.

எண்ணெயும் நீரும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. அவற்றை இணக்கிவைப்பது ஒரு சமரசம். கேலனின் சமரசம் நீடித்து நிற்கவில்லை. சில நாட்களில் நீர் கண்ணீர்போற் கசிந்து வெளியேறும், எண்ணெய் காறும். 19ஆம் நூற்றாண்டில் வெண்காரம் சேர்க்கப்பட்டது. மெழுகிலுள்ள அமிலத்தோடு அது கூடிச் சவர்க்காரமாகி இரண்டையும் பிணைத்தது. இருந்தும் பெரிய சிக்கல் தீர்ந்தபாடில்லை. தோலின் மேலே இறந்த கலங்களாலான கொம்புப்படை ஒன்று இருக்கிறது. உடலின் பெரும்பகுதியில் அதன் கனம் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கோ இரு பங்கோதான். ஆயினும் கோட்டை மதிலுக்கு அது நிகர். கலங்கள் செங்கல், அவற்றிடையே உள்ள கொழுப்பு சாந்து. நீரிற் கரையும் மருந்து அச்சாந்தைக் கண்டு நின்றுவிடும். கொழுப்பிற் கரையும் மருந்து சாந்துக்குள் புகும். அதைவிட்டு உள்ளே செல்ல மனமின்றி அங்கேயே தங்கிவிடும்.

இம்மதிலைக் கடக்க ஒரு புதுவழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்திலே, கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே பாப்ரஹாம் என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அலெக் பாங்கம் என்பவர் முட்டைக் கருவிலுள்ள லெசித்தின் போன்ற கொழுப்புகளை நீரிற் கலந்து இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே பார்த்தார். அக்கொழுப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. நீருக்குள் விழுந்ததும் அவை வாலோடு வால் சேர்ந்து இரட்டை வரிசையாய் அணிவகுத்து, வளைந்து, நீரையே உள்ளடக்கிய நுண்குமிழிகளாகிவிட்டன. கொழுப்பு என்றும் உடல் என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைக் கூட்டி அவற்றுக்கு லிப்போசோம் என்று பெயரிட்டனர். கேலன் நாவில் வழங்கிய சொற்கள் அவை. நீரிற் கரையும் மருந்தைக் குமிழியின் வயிற்றிலும், கொழுப்பிற் கரையும் மருந்தை அதன் சுவரிலும் ஏற்றலாம். எண்ணெயும் நீரும் பிசைவாரின்றித் தாமே இணங்கின.

1980இல், கனடா தேசத்தின் டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெசேய், குலசேகரம் என்னும் இருவர் இக்குமிழிகளை முதன்முதலிற் சருமத்துக்கு மருந்தேற்றும் வாகனமாக்கிய பரிசோதனையை வெளியிட்டனர். இரண்டாவது பெயரிலே தமிழ் வாசகரின் கண் ஒரு கணம் நிற்கும். கோட்டிசோன் இனத்து மருந்தொன்றை லிப்போசோமில் ஏற்றி முயல்களின் தோலிற் பூசியபோது, வழக்கமான பூச்சைக் காட்டிலும் நான்கு ஐந்து மடங்கு மருந்து தோலிலே தங்கிற்று. உடலின் உட்புறம் சென்றதோ குறைவு. தோல் நோய்க்கு வேண்டியது இதுதானே! அம்மருந்து இரத்தத்திற் கலந்து உடலெங்கும் பரவினால் விளையும் கேடுகள் பல. நீர்போல் ஓடும் கலவை தோலில் நில்லாது வழிந்துவிடும். அதனாற் குமிழிகளை ஜெல்லினுள் வைத்து 1982இல் அவர்கள் மற்றொரு பரிசோதனையை வெளியிட்டனர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சுவிட்சர்லாந்திலே படர்தாமரை முதலிய பூஞ்சண நோய்களுக்கான எகோனசோல் மருந்து லிப்போசோம் ஜெல்லாக விற்பனைக்கு வந்தது. குமிழி முழுதாகவே மதிலைக் கடக்கிறது என்று தொடக்கத்திற் சிலர் எண்ணினர். பெரும்பாலான குமிழிகள் மேற்படையிலேயே உடைந்து, செங்கல்லிடைச் சாந்தோடு தம் கொழுப்பைக் கலந்து, மருந்துக்கு வழி இளக்குகின்றன என்பதே இன்று பலர் ஒப்பும் கருத்து. கேலனோ தம் கொள்கையை விட்டுக் கொடுக்கும் பழக்கம் இல்லாதவர். இவ்விவாதத்தில் இருந்திருந்தால் இரு சாராரையும் கண்டித்துப் பத்து நூல் எழுதியிருப்பார்.

எழுதுவதிலே அவருக்கு இணையானோர் பண்டைக் கிரேக்கத்தில் இல்லை. நெருப்புக்கும் காலத்துக்கும் தப்பி எஞ்சியவை மட்டுமே ஜெர்மன் அறிஞர் கூன் பதிப்பிலே இருபது பாகங்களாக விரிகின்றன. தப்பாதவை எத்தனை என்பதை எண்ணும்போதுதான் அவர் வாழ்வின் பெருந்துயரம் நினைவுக்கு வருகிறது.

உரோமாபுரியின் புனித வீதியை அடுத்துப் பண்டகசாலைகள் இருந்தன. சேரநாட்டு முசிறித் துறையிலிருந்து யவனக் கலங்கள் ஏற்றிச் சென்ற மிளகுக்கும் அவ்வட்டாரத்திலேதான் அரசாங்கக் களஞ்சியம் அமைந்திருந்தது. அங்கே கேலனும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். கதவைத் தவிர மரமே இல்லாத கட்டடம். அரசாங்கப் பத்திரங்களும் அங்கிருந்தமையாற் போர்வீரர் காவல். நெருப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லியே வாடகையைக் கூட்டி வாங்கினர். கூட்டுமருந்துகள், கிடைத்தற்கரிய கறுவாப்பட்டை, தேரியாக்கு, தாமே கற்பனை செய்து மெழுகில் மாதிரி வார்த்துக் கன்னாரிடம் கொடுத்துச் செய்வித்த ஆயுதங்கள், திருத்தி எழுதிய நூற்பிரதிகள் யாவும் அவ்வறையில் இருந்தன. அவற்றினும் அரியவை தோலேடுகளில் எழுதப்பட்ட மருந்து முறைகள். பேர்கமத்து வைத்தியர்கள் பலர் சேர்த்தவை கைமாறிக் கைமாறி அவரிடம் வந்திருந்தன. எவரிடமேனும் நல்ல முறை ஒன்று உண்டென்று கேள்வியுற்றால், தம்மிடமுள்ள இரண்டு மூன்றைக் கொடுத்து அதனை வாங்கி வைப்பார்.

192ஆம் ஆண்டு குளிர்காலம் முடியும் தறுவாயிலே, கேலன் கம்பானியாவில் இருந்த வேளையில், தீப்பற்றியது. சமாதானத் தேவதையின் கோயில் எரிந்தது, பண்டகசாலைகள் எரிந்தன, பலத்தீன் குன்றின் நூலகங்களும் எரிந்தன. நூல்களின் மறுபிரதிகளைக் கோடைத் தொடக்கத்திலே கம்பானியாவுக்கு அனுப்ப அவர் ஆயத்தம் செய்திருந்தார். நெருப்பு இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அவை பிழைத்திருக்கும். நூல்களை இழந்த இலக்கண ஆசிரியர் ஒருவர் அத்துயரிலேயே மெலிந்து மாண்டார்.

கேலனுக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. இத்தனையையும் இழந்தும் வருந்தாதிருப்பது எவ்வாறு என்று கேட்ட நண்பர் ஒருவருக்கு அவர் நீண்டதொரு கடிதம் வரைந்தார். தாம் துயருறவில்லை என்கிறார். தந்தையிடம் கற்ற மனத்திடமே காரணம் என்கிறார். ஆயினும் இழந்த பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக, அளவும் அருமையும் குறித்து, பக்கம் பக்கமாக எண்ணிச் செல்கிறார். வருந்தாதவர் இவ்வளவு நுணுக்கமாய் எண்ணுவரா என்பதை வாசகரே தீர்மானித்துக் கொள்ளலாம்.

மருந்துகளை இனம் பிரித்துக் கூட்டும் முறை பற்றிய அவருடைய பெருநூலின் முதல் இரண்டு பாகங்கள் அந்நெருப்பிற் போயின. பிரதி வேறு எங்கும் இல்லை. அவற்றை அவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுதினார். உடலின் உறுப்பு உறுப்பாக மருந்து கூறும் மற்றொரு பெருநூலையும் எழுதினார். களிம்பு, பற்று, மெழுகு ஆகியவற்றின் நிறையும் அளவும் சூடும் அந்நூல்களிலே நிறைந்து கிடக்கின்றன. மேலைநாட்டு மருந்துக் கடைக்காரர் தலைமுறை தலைமுறையாக அவற்றிலிருந்தே கற்றனர். 9ஆம் நூற்றாண்டிலே பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற அறிஞர் கேலனின் நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்த்தார். அவ்வழியே கேலன் ஜாலீனூஸ் ஆனார். நம் நாட்டு யூனானி ஹக்கீம்கள் போற்றும் பெயர் அதுவே. யூனானி என்ற சொல்லும் யவனம் என்பதன் மறுவடிவந்தான்.

கேலன் 216ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ எண்பத்தேழு வயதிற் காலமானார். இழப்பைப் பற்றி நண்பருக்கு எழுதிய கடிதத்தின் கிரேக்க மூலம் அழிந்தது என்றே நூற்றாண்டுகளாக அறிஞர் கருதி வந்தனர். 2005ஆம் ஆண்டு, தெசலோனிக்கா நகரின் விளத்தாதோன் மடத்து நூலகத்திலே, பழைய ஏட்டுத் தொகுதியொன்றைப் புரட்டிக்கொண்டிருந்த பிரெஞ்சு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அதனைக் கண்டெடுத்தார்.